உன் அம்மா விழுங்காத மாத்திரைகள்

மகனே, நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வழியில்லை. எனக்கு எதிரிலேயே தூளியில் கிடக்கிறாய். எட்டு மாதக் குழந்தை. கால் கட்டைவிரலை வாயில் வைக்க முயன்றுகொண்டிருக்கிறாய், நலமாகத்தான் இருக்கிறாய். அடுத்த வாரம் நான் பம்பாய்க்கு ரயில் ஏறுகிறேன். அங்கிருந்து குவைத், இரண்டு வருட ஒப்பந்தம், பம்பு பராமரிப்பு வேலை. போவதற்கு முன் இதை எழுதி உறையில் ஒட்டி, உனக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போது கொடு என்று உன் அம்மாவிடம் தரப்போகிறேன். இருபது வருஷம் கழித்து நேரிலேயே சொல்லலாமே என்று நீ நினைக்கலாம். இருபது வருஷத்தில் இந்தக் கதையில் நான் நல்லவனாகிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். உன் அம்மா தானாக இதைச் சொல்ல மாட்டாள், ஏனென்றால் விஷயம் இரும்பு மாத்திரையைப் பற்றியது, மலச்சிக்கலைப் பற்றியது. முகம் சுளிக்காமல் படி. படித்த பிறகு உன் சிநேகிதர்களில் எவனாவது கல்யாணம் பண்ணப் போகிறவன் இருந்தால் அவனிடமும் கொடு. ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை.

உன் தாத்தா திருக்கழுக்குன்றம் பக்கத்தில் பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்ததும் கல்பாக்கத்தில் கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் ஒரு கான்டிராக்டரிடம் பம்பு செக்‌ஷன் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். புதுப்பட்டினத்தில் ஒரு பாயின் மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில்தான் உன் அம்மாவோடு குடித்தனம் வைத்தேன். இரண்டு அறை, ஒரு கிணறு, கொஞ்சம் மணல் கொல்லை. வீட்டில் கக்கூஸ் கிடையாது. அந்த வரிசையில் எந்த வீட்டிலும் கிடையாது. அது ஒரு குறை என்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் காலை ஆறே காலுக்குக் கம்பெனி பஸ் பிடித்தால் ஏழு மணிக்கு சைட்டில் இருப்பேன். அங்கே தண்ணீர்க் குழாயோடு, பீங்கான் போட்ட, உள்ளே தாழ்ப்பாள் உள்ள கக்கூஸ் இருந்தது.

நீ வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது, வாரம் ஒரு நாள் துணை சுகாதார நிலையத்துக்கு வரும் நர்சம்மா உன் அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "இன்னாம்மா இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துக் கீது? பச்சரிசி திங்கிறியா?" என்று கேட்டார். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தின்பாள். பானையிலிருந்து பிடி பிடியாக அள்ளி மென்றுகொண்டிருப்பாள். பூச்சி வரும் என்று நான் பலமுறை கத்தியிருக்கிறேன். "திட்டாதீங்க சார். ஒடம்புல இரும்பு கொறைஞ்சா இப்பிடித்தான் கண்டதைக் கேக்கும். செங்கல்பட்டுக்குக் கூட்டினு போயி ரத்தம் பாருங்க" என்றார் அவர்.

செங்கல்பட்டில் ரத்தம் சோதித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் நுனியில் குத்தி, ஒரு துளியைக் குழாயில் உறிஞ்சி, அமிலத்தில் விட்டு, அது பழுப்பானதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை கலக்கினார்கள். நிறம் ஒத்துப்போன இடத்தில் அளவைப் படித்தார்கள். ஏழு. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. "இன்னும் நாலு மாசம் இருக்கு. இதே ஏழோட பிரசவத்துக்கு வந்தா, வழக்கமாப் போற ரத்தம் போனாலே இவங்களுக்குத் தாங்காது. மாத்திரை எழுதித் தரேன், விடாம சாப்பிடணும்" என்றார். வரும் வழியில் பஸ்ஸில் உன் அம்மா ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். ஏழு பதினொன்றாக வேண்டும். வேளைக்கு ஒன்றாக, நாளுக்கு மூன்று மாத்திரை. இது ஒரு ரிப்பேர் வேலை, முறையாகச் செய்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பயமாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் எனக்குப் பயம் வந்தால் அது அட்டவணையாகத்தான் வெளியே வரும்.

வெறும் வயிற்றில் சாப்பிட்டால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும் என்று மருந்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அது பொய்யில்லை. அதனால் காலை ஆறு மணிக்கு, நான் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கும்போதே முதல் மாத்திரை. வெறும் தண்ணீரில் விழுங்கினால் குமட்டுகிறது என்றாள், சரி, டீயோடு விழுங்கு என்றேன். மத்தியானமும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால். சமையலறைக் கதவில் கட்டம் போட்ட தாள் ஒட்டினேன். நாளுக்கு மூன்று கட்டம், விழுங்கியதும் டிக். நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டேன். முதல் வாரம் அவள் வாந்தி எடுத்தாள். நெஞ்சு எரிகிறது என்றாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, "இன்னாங்க, வவுறு கல்லு மாதிரி கீது. வெளிக்கே வர மாட்டேங்குது" என்றாள். நான் ஷூ லேசைக் கட்டிக்கொண்டே, "மருந்துன்னா அப்படித்தான் இருக்கும், தாங்கிக்கோ, உனக்காகவா சொல்றேன், குழந்தைக்காக" என்றேன். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது. அவளுக்காகவும்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து நாளுக்கு அப்புறம் அவள் புகார் சொல்வதை நிறுத்திவிட்டாள். உடம்பு பழகிவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

அந்த மாதம்தான் சைட்டில் ஒரு ஆபரேட்டரோடு எனக்குச் சண்டை. மணிக்கு ஒருமுறை பிரஷர் கேஜைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே எட்டு மணி நேரத்துக்கும் ஒரே எண்ணை எழுதிவிட்டிருந்தான். நடுவில் இரண்டு மணி நேரம் பம்பே ஓடவில்லை என்பதுதான் வேடிக்கை. எல்லா எண்ணும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்ததைப் பார்த்த உடனே பிடித்துவிட்டேன், அதில் பெருமை வேறு. வீட்டில் அதே மாதிரி ஒரே சாய்வில் நின்ற நூறு டிக்குகளை நான் தினமும் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஏழாம் மாதத்தில் நர்சம்மா மறுபடியும் பார்த்தார். அன்றைக்கு நான் அரை நாள் லீவு போட்டு, அந்தத் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கூடப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவும் வந்திருந்தாள். புருஷன் கட்டுமரத்தில் போகிறவன், இவள் கூடையில் மீன் விற்கிறவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். நர்சம்மா இமையை இழுத்துப் பார்த்தார். முகம் சரியில்லை. நான் தாளை விரித்துக் காட்டினேன். அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு உன் அம்மாவிடம் திரும்பி, "வெளிக்குப் போனா கறுப்பாப் போவுதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, நல்லாத்தான் போவுது, மஞ்சளாத்தான் கீது" என்றாள் உன் அம்மா. நல்ல பதில் சொல்லிவிட்டதாக நினைத்துச் சொன்னாள்.

நர்சம்மா தாளைச் சுருட்டி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "சார், உங்க சார்ட்டு ரொம்ப அழகா கீது. ஆனா மாத்திரை உள்ள போவல. இரும்பு உள்ள போனா வெளிக்குக் கறுப்பாத்தான் வரணும். அது வியாதி இல்ல, அதான் சாட்சி."

நான் அங்கேயே கத்தினேன். ஏழெட்டுப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பொய் சொன்னாயா, டிக் போட்டு ஏமாற்றினாயா, சாகணும் என்று ஆசையா, எல்லாம் கேட்டேன். உன் அம்மா முந்தானையை இழுத்து வயிற்றின் மேல் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். மகனே, உன் அம்மாவை நான் கை நீட்டி அடித்ததில்லை. அடிப்பதற்கும் அன்றைக்கு நான் கத்தியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

எனக்குப் பதில் சொன்னது கன்னியம்மா. "இந்தா எஞ்சினியரு, நிறுத்து. நீ காலைல எங்க போற?" என்றாள். வேலைக்கு என்றேன். "அத்தக் கேக்கல. வெளிக்கு எங்க போற? உனுக்குக் கம்பெனில பீங்கான் கக்கூசு. தாப்பா போட்டுனு ஒக்காந்து பேப்பர்கூடப் படிப்ப. நாங்க விடியறதுக்கு முன்ன ஆறு பொம்பளைங்க ஒண்ணா சவுக்குத் தோப்புக்குப் போறோம். வெளுக்கறதுக்குள்ள எந்திரிச்சாவணும், ஆம்பளைங்க கட்டுமரம் தள்ள வந்துருவாங்க. இவ ஒக்காந்தா வரல. நாங்க எவ்ளோ நேரம் நின்னுகினு இருக்கறது? ஒரு நாளு ஆளுங்க வந்துட்டாங்க, பாதில எந்திரிச்சு ஓடியாந்தா, வவுத்தப் புடிச்சினு. அப்பறம் மறுநாளு இருட்டற வரைக்கும் அடக்கினு கெடந்தா. பகல்ல ஒண்ணுக்குப் போற தொல்லை வேணாம்னு தண்ணிகூடக் குடிக்கல. மொதல்ல கறுப்பா வந்ததப் பாத்து உள்ள ரத்தம் ஒடஞ்சு போவுதுன்னு நாந்தான் பயந்துட்டேன். மாத்திரைய நிறுத்துடீன்னு சொன்னதும் நாந்தான். கத்தறதுன்னா என்னக் கத்து."

பெஞ்சில் யாரோ ஒருத்தி சிரித்தாள். நர்சம்மா சிரிக்கவில்லை. "கறுப்பாப் போறது தப்பில்லன்னு நான் மொதல்லயே சொல்லிருக்கணும், விட்டுட்டேன்" என்றார். எங்கள் மூன்று பேரில் கன்னியம்மா முதலில் தன் தவறைச் சொன்னாள், அடுத்து அவர். நான் கடைசி.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா பரணிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே அவள் விழுங்காத அத்தனை மாத்திரையும் இருந்தது. "தூக்கிப் போட மனசு வரல" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன், இந்தத் தடவை கத்தாமல். "சொன்னேனே. தாங்கிக்கோன்னீங்க. அப்பறம் நீங்க கேட்டதெல்லாம் முழுங்கினியா முழுங்கினியான்னு மட்டும்தான். வேற எதுனா கேட்டீங்களா?" நான் யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. பொய் சொன்னதற்கு அவளை மன்னித்துவிட்டேன் என்று பெரிய மனுஷன் மாதிரி எழுத எனக்குக் கை வரவில்லை. உண்மையைச் சொல்ல நான் இடம் வைக்கவில்லை, அதனால் பென்சிலை எடுத்தாள். (அந்த டப்பாவை மறுநாளே நர்சம்மாவிடம் கொடுத்துவிட்டேன். குழந்தைகள் மிட்டாய் என்று தின்றால் உயிருக்கே ஆபத்தாம். உன் வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டி வை.)

எனக்கு அடுத்து வந்த யோசனையையும் சொல்லிவிடுகிறேன், நான் எவ்வளவு பொறுமைசாலி என்று உனக்குத் தெரியும். விட்டுப்போனதைச் சேர்த்து வேளைக்கு இரண்டாகக் கொடுத்தால் ஈடு கட்டலாமா என்று நர்சம்மாவிடம் கேட்டேன். "வவுறு இன்னா உங்க பம்பா சார், ஓவர்டைம் ஓட்டறதுக்கு?" என்றார். முதல் வாரம் ஒரே ஒரு மாத்திரை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. தாங்கினால் அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்து மூன்று. எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான். சேர்வது கொஞ்சம் குறையும், ஆனால் விழுங்காத மாத்திரையைவிட விழுங்கியது எவ்வளவோ மேல். டீயும் காபியும் பாலும் மாத்திரைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது, முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளித்தான், டீ இரும்பைச் சேரவிடாது. நான் டீயோடு கொடுத்தேன் என்றதும் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பதிலுக்கு எலுமிச்சம்பழச் சாறு, இல்லாவிட்டால் ஒரு நெல்லிக்காய். கீரை, வாழைப்பழம், தோலோடு பயறு, செம்பு செம்பாகத் தண்ணீர். கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, நாற்றம் தாங்காமல், வயிற்று வலியும் மயக்கமும் சேர்ந்து வந்தால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் நான் மாத்திரை வாங்கிய முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

தண்ணீர் குடி என்று சொல்லிவிடலாம். குடித்தால் போக இடம் வேண்டும். நான் வீட்டுக்காரரான பாயிடம் போனேன். கொல்லையில் ஒரு கக்கூஸ் கட்டிக்கொள்கிறேன், குழி தோண்டுவதும் தளம் ஊற்றுவதும் என் வேலை என்றேன். பாய் தராசில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். "கெணறு கீதே தம்பி அங்க. அதுவும் கடைக்குப் பின்னால. நாத்தம் அடிச்சா எவன் வந்து மளிகை வாங்குவான்?" என்றார். நான் டேப் எடுத்துப்போய் அளந்திருந்தேன். கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி மூலை இருக்கிறது, தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு போட்ட பீங்கான் வைத்தால் வாசனை மேலே வராது என்று படம் போட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க வீட்டுப் பெண்கள் எங்க பாய் போறாங்க?" என்று கேட்டுவிட்டேன். கடையில் இரண்டு பேர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாய் தராசைக் கீழே வைத்தார். அறைவார் என்றுதான் நினைத்தேன். அப்போது உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து அவர் வீட்டம்மாவின் குரல் வந்தது: "கட்டிக்கச் சொல்லுங்களேன். அந்தப் பொண்ணு வவுத்துல புள்ளையோட இருட்டுல நடந்துகினு போறதப் பாத்தா எனக்கே கெதக்குங்குது." பாய் தராசை மறுபடி எடுத்துக்கொண்டு, "பேசத் தெரியல உனக்கு. கட்டத் தெரியுதான்னு பாக்கலாம், போ" என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நடுவில் வந்த சாயங்காலங்களும் ஆனது. மணல் பூமி, தோண்டத் தோண்டச் சரிந்தது. பழைய டீசல் பீப்பாய் இரண்டை அடி நீக்கி, ஓட்டை போட்டு இறக்கினேன். மேலே கம்பி கட்டித் தளம் ஊற்றினேன். சுற்றி ஓலைத் தட்டி, தகரக் கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம். கன்னியம்மா வந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கும் டிக்கெட்டு உண்டா எஞ்சினியரு?" என்றாள். அன்றையிலிருந்து அந்த வரிசைப் பெண்கள் நாலைந்து பேர் வந்து போக ஆரம்பித்தார்கள். தண்ணீர் இறைத்து மாளவில்லை என்று உன் அம்மாவைத் தவிர எல்லாரும் புகார் சொன்னார்கள். அவள் பகலில் தண்ணீர் குடித்தாள். அவசரமில்லாமல் உட்கார்ந்தாள். நாலாம் நாள் நான் வேலையிலிருந்து வந்ததும், குழம்பைக் கிண்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "கறுப்பாப் போச்சு" என்றாள். இந்த ஊரில் வேறு ஒருத்தியும் புருஷனிடம் இதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

கதவிலிருந்த தாளைக் கிழித்துவிட்டேன். எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நெஞ்செரிச்சல் இருந்தது. மூன்று மாத்திரைக்குப் போன வாரம் மறுபடியும் வயிறு இறுகியது, இரண்டுக்கு இறங்கினோம், அங்கேயே நிறுத்திக்கொண்டோம். ஒன்பதாம் மாதம் செங்கல்பட்டில் பார்த்தபோது ஒன்பதரை. பதினொன்று வரவில்லை. இடையில் வீணாய்ப் போன இரண்டு மாதத்தை எதைக் கொண்டும் திருப்ப முடியவில்லை, அந்த இரண்டு மாதம் என்னுடையது, அவளுடையது இல்லை. டாக்டரம்மா கண்ணாடிக் குழாயைப் பார்த்துவிட்டு, "வீட்ல வச்சுக்காதீங்க, வலி வந்ததும் இங்க வந்துடுங்க" என்றார்.

நீ ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பிறந்தாய். நல்ல எடை, நல்ல குரல். நீ வெளியே வந்த பிறகும் அவளுக்கு ரத்தம் உடனே நிற்கவில்லை. நான் வராந்தாவில் நின்றிருந்தேன். உன்னைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எதையும் மணி பார்த்துக் குறிக்கிற நான் அன்றைக்கு வாட்சைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் அதிகமாவே போயிடுச்சு. தாங்கிட்டாங்க. பழைய ஏழோட வந்திருந்தா நான் இப்ப உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டிருப்பேன்" என்றார். அவர் அப்படியே நடந்து போய்விட்டார். நான் உன்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ அழுதுகொண்டிருந்தாய்.

உன் கல்யாணத்துக்கு இதை ஏன் தருகிறேன் என்று கேட்டால், உன் பெண்டாட்டிக்கும் ஒரு நாள் எவராவது இந்த மாத்திரையை எழுதித் தருவார்கள். நம் பெண்களில் எழுதித் தரப்படாதவர்கள் குறைவு. அப்போது நீ அவள் தலைமாட்டில் நின்று, விழுங்கினாயா என்று கேட்காதே. வயிறு எப்படி இருக்கிறது என்று கேள். எப்போது போனாய், கஷ்டமாக இருந்ததா, என்ன நிறம் என்று கேள். முதலில் அவள் உன்னைப் பைத்தியக்காரன் என்று நினைப்பாள், பரவாயில்லை. குமட்டினால் நேரத்தை மாற்று, இறுகினால் அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரைக் கேள், நீயாக டாக்டராகிவிடாதே. உன் வீட்டில் கக்கூஸ் கண்டிப்பாக இருக்கும் என்று நம்புகிறேன். இருந்தாலும், அவளுக்கு எது இல்லை என்று உன் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கும். அதை நீ கண்டுபிடிக்கப் போவதில்லை, அவள்தான் சொல்ல வேண்டும். சொல்ல விடு.

பிரசவத்துக்குப் பிறகும் சில மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். நான் போன பிறகு யார் கேட்பார்கள் என்று எனக்குக் கவலை. இன்று சாயங்காலம் என் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம், வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ரெண்டு நாளா நான் முழுங்கலங்க. எரியுது. நாளைலருந்து முழுங்குவேன்" என்றாள், என் முகத்தைப் பார்த்தே. எனக்குப் பழைய கத்தல் வாய் வரை வந்தது. நீ தூளியில் புரண்டாய். அவள் மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

சரி, என்றேன்.

உன் அப்பா.